பதினோரு ஷிப்டு

வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. பாதி உயரம் போனதும் தோள்பட்டைக் குழிக்குள் ஏதோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மாஜிதா பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையாலேயே முடியை அள்ளி, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, ஒரு மாதிரி கொண்டையைச் சுருட்டினாள். பதினாறு வருஷமாக ரோல் மெஷினுக்குப் பேண்டேஜ் துணியை இழுத்து இழுத்துக் கொடுத்த கை. காலையில் எழுந்தால் அது தனக்குச் சம்பந்தமில்லாத கட்டை போலப் பக்கத்தில் கிடக்கும். செத்த நேரம் தேய்த்துவிட்டால்தான் விரல் மடங்கும்.

“வா புள்ள, பத்து மணிக்கு ரிப்பன் வெட்டுறாகன்னு சொன்னீல்ல,” என்று தெருவில் இருந்து அவள் புருஷன் அய்யூப் சத்தம் கொடுத்தான்.

மொபெட்டின் பின்னால் எப்போதும் கட்டியிருக்கும் கருவாட்டுப் பெட்டிகளை இன்றைக்கு இறக்கி வைத்துவிட்டான். சீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான். கழுவியும் நெத்திலி வாடை போகவில்லை.

“மம்சாபுரத்து ஆபீசரம்மா கருவாட்டு வண்டியில வந்து இறங்குதான்னு சிரிக்கப் போறான் அந்தக் கம்பெனித் தம்பி.”

“சிரிக்கட்டும். இந்த வாடைதான நம்ம புள்ளையக் காலேசுக்கு அனுப்புச்சு.” அய்யூப் வண்டியை மிதித்தான். “கை எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“இன்னையோட அந்த மெசினுக்கு ஒரு கும்புடு போட்டுரு. நாற்காலியில உக்காந்து பேர் எழுதுற வேலை. அல்லா கண்ணத் தொறந்துட்டான்.”

மாஜிதாவின் மடியில் இருந்த பைக்குள் ஆரஞ்சுக் கலர் பார்சல் ஒன்று இருந்தது. ஒட்டுப் பிரிக்காத பார்சல். பன்னிரண்டு நாளாக வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்ததை இன்று எடுத்து வந்திருக்கிறாள். மேற்கே மலையை மேகம் இடுப்புவரை மூடியிருந்தது. இந்த மேகத்தைப் பார்த்தால் பட்டறையில் இன்றைக்குத் துணி காயாது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. களத்தில் விரித்ததை வாரிச் சுருட்டக் கூட வேலை பார்க்கிற வெள்ளத்தாய் ஓட வேண்டும். அவளால் ஓட முடியுமா என்று நினைத்தவள், அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் வாசல்கேர் என்றால் யாருக்கும் தெரியாது. முதலில் ராஜபாளையம் மினிபஸ்ஸின் முதுகில் ஒரு படம் வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி செல்போனுக்குள் இருந்து சிரிப்பாள். அடுத்த தீபாவளிக்குள் ஆரஞ்சுப் பையை முதுகில் மாட்டிய ஆட்கள் சந்துசந்தாக வண்டி ஓட்டினார்கள். மூன்று நிமிஷம் போனில் டாக்டரைப் பார்த்தால் போதும், மூன்றாம் நாள் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கடையில் வாங்குவதைவிட விலையும் கம்மி. ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாளைத் தொலைக்க வேண்டாம். பட்டறையில் அரை நாள் லீவு போட்டால் அரைக்கூலியோடு போகாது, வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வருகைப் பணமும் சேர்ந்து போகும். அதனால் பட்டறைப் பெண்களுக்கு அது வாராது வந்த வரமாக இருந்தது. சுகரா, பிரஷரா, மூட்டுவலியா, மாசக் கோளாறா, எல்லாவற்றுக்கும் ‘வாசல் மாத்திரை’.

பட்டறை ராஜபாளையத்துக்கு வெளியே சத்திரப்பட்டி ரோட்டில் இருந்தது. தறியில் இருந்து பழுப்பாக வரும் துணியைத் தொட்டியில் வேகவைத்து, மருந்துத் தண்ணீரில் வெளுத்து, களத்தில் மைல் கணக்கில் விரித்துக் காயப்போட்டு, ரோல் சுற்றி, வெட்டி, ஆஸ்பத்திரிகளுக்குப் பெட்டி கட்டி அனுப்புவார்கள். ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் கட்டுப்போடுகிற துணி. அதைச் செய்கிற பெண்களின் விரலிடுக்குகள் வெளுப்பு மருந்தில் வெடித்துக் கிடக்கும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்புக்கு முடியாமல் போனால் இன்னொருத்தி அவள் பேருக்கு நிற்கலாம். காலை ஆறு மணி ஷிப்டைத் தன் பேரில் முடித்தவள், இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகாமல், முடியாதவளின் இடத்தில் போய் நிற்பாள். சூப்பர்வைசர் இம்மானுவேல் வராதவள் பேருக்கு நேராக டிக் போடுவார். கூலியும் வராதவளுக்கே போகும். சேர்ந்தாற்போல் பதினைந்து நாள் டிக் விழாத பேரை நோட்டில் இருந்து அடித்துவிடுவார்கள் என்பதால், பெண்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. நின்ற ஷிப்டைப் பணமாகத் திருப்பக் கூடாது. ஷிப்டாகத்தான் திருப்ப வேண்டும், அதுவும் கேட்கிற அன்றைக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாஜிதாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது வெள்ளத்தாய்தான் அவள் பேருக்கு நின்றாள். காலை ஆறில் இருந்து இரவு பத்து வரை, பதினோரு நாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள், மாஜிதாவைவிட ஆறு வயசு மூத்தவள், புருஷன் இல்லாதவள். “மதினி, நீ படு. மெசினு எங்கயும் ஓடிறாது,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூட்டு வீங்க ஆரம்பித்தது. அதனால்தானா என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும். ஆனால் மாஜிதா தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பதினோரு ஷிப்டையும் வெள்ளத்தாய் ஒருநாள்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தக் கூச்சத்தில்தான் மாஜிதா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தாள். வெள்ளத்தாயிடம் இருந்தது பட்டன் போன். வாசல்கேரில் சேர ஆளுக்கொரு நம்பர் வேண்டும், ஆதார் வேண்டும், படம் வேண்டும்.

“அதுக்கென்ன, என் பேருல கேப்போம். எவ பேருல வந்தா என்ன, திங்கப்போறது நீதான?”

“அப்போ நீ என் பேருக்கு நிக்கிற, அப்படித்தான?” என்று வெள்ளத்தாய் சிரித்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த ஒருத்திக்கும் அது தப்பாகப் படவில்லை. தினமும் நடக்கிற காரியம்தானே.

போனில் வந்த டாக்டர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, வேறு எதையோ பார்த்தபடி கேட்டார். வலி எங்கே? காலையில் விறைப்பு எம்புட்டு நேரம்? மாஜிதா ஓரக்கண்ணால் பார்ப்பாள், வெள்ளத்தாய் எதிரே நின்று முழங்காலையும் மணிக்கட்டையும் தொட்டுக்காட்டுவாள். ஊமைக்கூத்தைப் பார்த்து மற்றப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“விரலைக் காட்டுங்கம்மா.”

மாஜிதாவின் விரல் நேராக இருந்தது. வெள்ளத்தாய் சட்டென்று குனிந்து, மாஜிதாவின் கைக்கு அடியில் தன் கையை நுழைத்துக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். இஞ்சிக்கிழங்கு மாதிரி வீங்கிய விரல்கள். புறங்கையில் தேள் உருவத்தில் பச்சை குத்தியிருந்தது. டாக்டர் பார்த்தார். படம் பிடித்துக்கொண்டார்.

“சரி, பத்து நாளைக்கு எழுதறேன். அப்புறம் பேசுங்க.”

சின்ன வெள்ளை மாத்திரை. நாலாம் நாள் வெள்ளத்தாய் களத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். “ஏட்டி மதினி, பாத்தியா! குமரி மாதிரி உக்காந்துட்டேன்.” பத்து நாள் முடிந்ததும் மாஜிதா மறுபடி டாக்டரைக் கேட்கத்தான் போனாள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. போனில் ‘மீண்டும் வாங்க’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தியதும் ‘மருத்துவர் பார்த்துவிட்டார்’ என்று பச்சையாக ஒரு குறி விழுந்தது. எட்டு மாசம் அதை அழுத்தினாள். வெள்ளத்தாய்க்கு முகம் உருண்டு, கன்னம் உப்பி, பௌர்ணமி மாதிரி ஆனது. “வெள்ளத்தாய்க்கு ஒரு மாப்பிள்ள பாத்துருவோமா?” என்று பிச்சையம்மாள் கேலி பண்ணுவாள். பிச்சையம்மாளின் பிரஷர் மாத்திரையும் மாஜிதா பேரில்தான் வந்தது. இன்னும் ஆறு பேருக்கும் அப்படியே.

இத்தனை வாங்குகிற ஆளைக் கம்பெனி கவனிக்காமல் இருக்குமா. ஏரியா ஆபீசர் பாலகணேஷ் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டான். முப்பது வயசு இருக்காது, இஸ்திரி கலையாத சட்டை. கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுளிக்காமல் டீ குடித்தான்.

“அக்கா, மம்சாபுரத்துல மட்டும் நானூறு வீடு பிடிச்சிருக்கோம். அதுல பாதி நீங்க சொல்லிச் சேர்ந்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாசல் மையம் திறக்கிறோம். நீங்கதான் மையத் தோழி. மாசச் சம்பளம், பி.எஃப் எல்லாம் உண்டு.”

மாஜிதாவுக்குத் தோள்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

“ஒரே ஒரு சங்கதிக்கா. வேலைக்கு எடுக்கும்போது மேல இருந்து உங்க கணக்கைப் பாப்பாங்க. ஒரே ஆள் எட்டு நோய்க்கு மாத்திரை வாங்குறதா இருக்கக் கூடாது. ஒரு மாசத்துக்கு எதையும் வாங்காதீங்க. வழியில வர்ற பார்சலையும் பிரிக்காம எங்கிட்டத் திருப்பிக் குடுத்துருங்க. கணக்கு சுத்தமா இருக்கணும்.”

அன்றைக்குச் சாயங்காலமே வெள்ளத்தாயின் பார்சல் வந்தது. மாஜிதா அதை அலமாரியில் வைத்தாள். மற்றப் பெண்கள் கடையில் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளத்தாய்க்கு அந்த மாத்திரையின் பேர்கூடத் தெரியாது.

நான்கு நாளைக்கு முன்னால் களத்தில் துணிக்கட்டுக்குப் பின்னால் வைத்து அவள் கேட்டாள். உப்பிய முகம் வற்றத் தொடங்கியிருந்தது, உதடு வெளுத்திருந்தது.

“ஒரு அட்டையாச்சும் குடேன் மதினி. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல இருக்கு. எந்திரிச்சாக் கண்ணு இருட்டுது. தின்னது தங்க மாட்டேங்கு.”

“வரலையே மதினி. வந்தாக் குடுக்க மாட்டேனா? ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்கோ. நான் அங்க போய் உக்காந்துட்டா உனக்கு இல்லாத மாத்திரையா.”

“சரி போ. ஆபீசரம்மா ஆனபொறவு என்னைய மறந்துராத.” சொல்லிவிட்டு வெள்ளத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். பதினோரு ஷிப்டைப் பற்றி அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், பால்கோவாக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் புது மையம். ஆரஞ்சு பலூன் தோரணம், வாடகை நாற்காலிகள், மைக் செட்டு. அய்யூப் அவளை இறக்கிவிட்டு, கருவாட்டு வியாபாரம் கெடுகிறதே என்று உடனே திரும்பிவிட்டான். உள்ளே கண்ணாடி மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மேசை மேல் அவள் பேர் போட்ட பலகை.

“உக்காந்து பாருங்கக்கா,” என்றான் பாலகணேஷ்.

உட்கார்ந்தாள். வலது கையை நாற்காலிக் கைப்பிடியில் வைத்தாள். அது வாகாக அமர்ந்தது. இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறதா என்று தோன்றியது.

“அந்தப் பார்சல்?”

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிய நேரத்தில் அவள் போன் அடித்தது. வெள்ளத்தாயின் மகன் சேதுபதி. நூல் மில்லில் வேலை பார்க்கிறவன்.

“அத்தை, அம்மா காலையில மெயின் ரோட்டுல வேனுக்கு நிக்கும்போது விழுந்துருச்சு. இங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டோம்.”

“யா அல்லா! என்னய்யா செய்யுது?”

“பிரஷர் இறங்கிக்கிட்டே போவுதாம். டிரிப்பு ஏத்தியும் ஏற மாட்டேங்குன்னு சொல்றாக. டாக்டரம்மா என்ன மாத்திரை திங்கிறாக, என்ன மாத்திரை திங்கிறாகன்னு அதையே கேக்காக. ஒண்ணும் திங்கலைன்னுட்டேன். அம்மாவுக்குப் பேச்சு இல்ல. நீங்க கூடவே வேலை பாக்கியளே, பட்டறையில ஏதும் சாப்பிடுதா அத்தை?”

கண்ணாடிக்கு வெளியே மைக்கில் ஒருவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“தெரியலையேப்பா,” என்றாள் மாஜிதா. “கேட்டுச் சொல்றேன்.”

போனை வைத்தபின் அந்தச் சொல் தன் வாயில் இருந்துதான் வந்ததா என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. மகள் அல்ஃபியா ஒருநாள் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளை விளையாட்டாக வாசித்துக் காட்டியது ஞாபகத்துக்கு வந்தது. ‘மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.’ எல்லாத் தாளிலும் இப்படித்தான் எழுதுவான் என்று அன்றைக்கு அதில் கருவாட்டுத் தூளைக் கட்டிவிட்டாள்.

“தம்பி, அந்தப் பார்சலக் குடு. பக்கத்துலதான் ஆஸ்பத்திரி. போய்ச் சொல்லிட்டு வந்துருதேன்.”

விஷயத்தைக் கேட்டதும் பாலகணேஷ் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, பதறாதீங்க. அந்த அம்மா நம்ம கஸ்டமரே கிடையாது. நம்ம ரெக்கார்டுல அப்படி ஒரு பேரே இல்ல.”

“மாத்திரை நம்ம மாத்திரைதான?”

“உங்க மாத்திரை. உங்களுக்கு எழுதுனது, நீங்க வாங்குனது, நீங்க சாப்பிட்டது. அம்புட்டுத்தான்.”

“நான் ஒண்ணுகூடத் தின்னதில்லைப்பா.”

“அதை வெளிய சொல்லிறாதீங்க. உங்களுக்கு எழுதுனதை இன்னொருத்தருக்குக் குடுத்தா அது உங்க மேல வர்ற கேஸ். கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது, வக்கீல் இருக்காங்க. உங்களுக்கு யார் இருக்கா? டாக்டர் பிடிச்ச படம்கூட ரெக்கார்டுல இருக்கு. உங்க முகம், உங்க கை.”

மாஜிதா வலது கையின் துணியை முழங்கைவரை இடது கையால் ஏற்றினாள். “இதுல பச்சை எங்க இருக்கு?”

“என்னது?”

“அந்தப் படத்துல இருக்கிற கையில தேள் குத்தியிருக்கும். எங்க ஆளுகள்ல எவ பச்சை குத்துறா? உங்க டாக்டரு அதப் பாக்கல. நீயாச்சும் பாரு.”

பாலகணேஷ் கையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே வந்து இறங்குகிற காரைப் பார்த்தான். “மதுரையில இருந்து மேனேஜர் வந்துட்டாரு. அக்கா, நானும் கூமாப்பட்டிக்காரன்தான். எங்கப்பா வாழைக்குத் தண்ணி பாய்ச்சுறவரு. இன்னைக்கு இந்த மையம் திறக்கலைன்னா நான் தெருவுலதான் நிக்கணும். செத்த நேரம். ரிப்பன் வெட்டி முடியட்டும், நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன். பெரியாஸ்பத்திரி டாக்டருங்களுக்குத் தெரியாததா, அவங்க பாத்துக்குவாங்க.”

செத்த நேரம். மாஜிதா நாற்காலியைப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஒரு மனசு சொன்னது. அவள் அந்த மனசின் பேச்சைக் கேட்டு, சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிஷம் நகரும்வரை நிற்கவும் செய்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியே மாலை போட்டார்கள். கைதட்டினார்கள். “மையத் தோழி எங்கே?” என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.

பாலகணேஷ் கதவைத் திறக்கத் திரும்பியதும் அவள் இழுப்பறையை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. வலது கையைக் கொடுத்து ஓங்கி வெட்டி இழுத்தாள். தோளில் இருந்து விரல்வரை நெருப்பு ஓடியது. பார்சலைக் கையில் பிடித்துக்கொண்டு, ரிப்பனுக்கு அடியில் குனிந்து, மேனேஜரின் சட்டையை உரசிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

“அக்கா! இந்தா, அக்கா! போனா அம்புட்டுத்தான், திரும்பி வர முடியாது!”

ஆட்டோ நிற்கவில்லை. நடந்தாள், பிறகு ஓடினாள். நாற்பத்தோரு வயசில் கடைத்தெருவில் ஓடுகிற பெண்ணைப் பால்கோவாக் கடைக்காரர் தட்டைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் சேதுபதி வராந்தாவில் நின்றான். சட்டையில் அம்மா எடுத்த வாந்தி காய்ந்திருந்தது. “வாங்க அத்தை,” என்றான். மாஜிதா அவனைத் தாண்டி உள்ளே போனாள். கட்டிலில் வெள்ளத்தாய் துவைத்துப் பிழிந்த துணி மாதிரிக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் டாக்டர் வெங்கடேஸ்வரி, சின்ன வயசுக்காரி, பிரஷர் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுதான் டாக்டரம்மா. இதத்தான் தின்னா.”

டாக்டர் பார்சலைக் கிழித்தார். அட்டையைத் திருப்பி வாசித்தார். முகம் மாறியது.

“எத்தனை மாசமா?”

“எட்டு.”

“தினமும்? எத்தனை?”

“காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு.”

“எப்போ நிறுத்துனாங்க?”

“பன்னெண்டு நாளாச்சு.”

“சிஸ்டர்!” என்று டாக்டர் கத்தினார். ஊசி மருந்தின் பேர் ஒன்றைச் சொன்னார். நர்ஸ் ஓடினாள். கையில் ஊசியை ஏற்றிக்கொண்டே டாக்டர் பேசினார். யாரைத் திட்டுகிறார் என்று தெரியவில்லை. “உடம்பு தானா சுரக்க வேண்டியதை இந்த மாத்திரை வெளியில இருந்து குடுக்குது. மாசக்கணக்கில் சாப்பிட்டா உடம்பு சுரக்கிறதை நிறுத்திரும். அப்போ மாத்திரையைச் சட்டுன்னு நிறுத்தினா உள்ளயும் இல்ல, வெளியிலயும் இல்ல. ஆள் இப்படித்தான் விழுவாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். காலையிலேயே இதை யாராவது சொல்லியிருந்தா… யார் எழுதிக் குடுத்தது?”

“போனுல டாக்டரு.”

“இவங்களைப் பார்த்துட்டு எழுதினாரா?”

“என்னையப் பாத்துட்டு எழுதுனாரு.”

டாக்டர் கையை நிறுத்தி ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மாஜிதாவின் பேரையும் எழுதினார்.

பின்னால் நின்ற சேதுபதி முழுக்கக் கேட்டுவிட்டான்.

“நான் போனுல கேட்டப்பத் தெரியலைன்னியளே அத்தை.”

அவன் கட்டிலில் கிடந்த கிழிந்த ஆரஞ்சு உறையை எடுத்துப் பார்த்தான்.

“ஒட்டுப் பிரிக்காமத்தான கொண்டாந்திய. பையிலயே வச்சிருந்தியளா? எங்கம்மா வாந்தி எடுக்கும்போது இது உங்க வீட்டுலதான் இருந்துச்சா?”

“இருந்துச்சுய்யா.”

சேதுபதி அடிக்கவில்லை, ஏசவில்லை. நர்ஸைப் பார்த்துச் சொன்னான், “சிஸ்டர், இந்தம்மாவ வெளிய போகச் சொல்லுங்க.” விவரம் தெரிந்த நாளில் இருந்து அத்தை அத்தை என்று வாய் ஓயாதவன்.

மதியத்துக்கு மேல் பிரஷர் ஏறியது. சாயங்காலம் வெள்ளத்தாய் தண்ணீர் கேட்டாள் என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாஜிதாவுக்கு வாட்ச்மேன் வந்து சொன்னார். அவள் போனில் இரண்டு செய்தி வந்திருந்தது. ‘உங்கள் வாசல்கேர் கணக்கு முடக்கப்பட்டது.’ இன்னொன்று பாலகணேஷிடம் இருந்து: ‘கேஸ் வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளவும்.’

ஒன்பதாம் நாள், சேதுபதி மில்லுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மாஜிதா தூக்குவாளியோடு வார்டுக்குப் போனாள். வெள்ளத்தாய் தலையணையில் சாய்ந்திருந்தாள். இடுப்பு எலும்பில் தேய்மானம் தெரிகிறது, படம் எடுத்து மதுரையில் காட்ட வேண்டும், ஆறு மாசத்துக்கு நின்று வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

“என்னத்தக் கொண்டாந்த?”

“சோறும் சாளைக் கருவாட்டுக் குழம்பும்.”

“உப்பு ஆகாதாம். நீயே தின்னு.”

மாஜிதா வாளியைத் தரையில் வைத்தாள். வெள்ளத்தாய் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தாள்.

“மாத்திரை வரலைன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்ட்டி. உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. மூக்கு வேர்த்துரும்.”

“அப்பவே என்னைய நாலு கேள்வி கேட்டிருக்கலாம்ல மதினி?”

“என்னத்தக் கேக்க. கை போயிருச்சு, ஒரு நாற்காலி வருது, போகட்டும்னு விட்டேன். செத்துப் போவேன்னு எனக்கு என்ன தெரியும்.” இருமினாள். “அந்த நாற்காலியில இப்போ எவ உக்காந்துருக்கா?”

“மல்லி ஊர்ப்பக்கத்துப் பொண்ணு ஒண்ணு. மறுநாளே ஆள் போட்டுட்டாக. கூமாப்பட்டியிலயும் ஒண்ணு திறக்கப் போறாகளாம்.”

“திறக்கட்டும்.” வெள்ளத்தாய் இப்போதுதான் முகத்தைத் திருப்பினாள். “பட்டறையில என் பேருக்கு டிக் விழுந்து இன்னையோட எத்தன நாளாச்சு?”

“ஒம்போது.”

“பதினஞ்சு ஆனா இம்மானுவேலு அடிச்சுருவாரு. பேரு போனா பி.எஃப்பு போச்சு, இ.எஸ்.ஐ போச்சு. மதுரைக்கு எதை வச்சுப் போவேன்?”

மாஜிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ எனக்குப் பதினோரு ஷிப்டு தரணும். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மதினி.”

“கேக்கேன் இப்போ. நாளையில இருந்து நில்லு.”

“நிக்கேன். மதினி, அந்த விஷயத்துக்கு என்னைய மன்னி…”

“ஷிப்டத்தான் கேட்டேன்,” என்றாள் வெள்ளத்தாய். “வேற எதையும் இப்போ எங்கிட்டக் கேக்காத. தரமாட்டேன். அந்த வாளிய எடுத்துட்டுப் போ, வாடையிலயே எச்சில் ஊறுது.”

மறுநாள் வானம் வெளுத்து, களத்தில் துணி நன்றாகக் காய்ந்தது. மாஜிதா காலை ஆறு மணிக்குத் தன் மெஷினில் நின்றாள். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் மற்றப் பெண்கள் வேனுக்கு ஓட, அவள் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு, கட்டிக்கொண்டு வந்த சோற்றை நின்றபடியே நாலு வாய் விழுங்கினாள். வலது தோள் மரத்துப்போய்த் தொங்கியது. வேனுக்குப் போன பிச்சையம்மாள் பாதியில் திரும்பி வந்து காதோடு சொன்னாள்.

“மையத்துப் புதுப் பொண்ணு நல்லாத்தான் குடுக்குது. உன் கணக்கத்தான் மூடிட்டான்ல. தோளுக்கு வேணும்னா என் பேருல ஒரு அட்டை சொல்லட்டா?”

“உன் பேரு எனக்கு வேண்டாம்,” என்றாள் மாஜிதா. “உன் பிரஷரு மாத்திரைய யாரு பேருல வாங்குற?”

“அது… செல்விக்கா பேருல.”

“நாளைக்கு இ.எஸ்.ஐ கார்டை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. உன் பேரச் சொல்லி வாங்கு.”

“அரை நாள் போயிருமேடி!”

“நான் உன் பேருக்கு நிக்கேன் போ.”

பிச்சையம்மாள் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேனுக்கு ஓடினாள்.

இம்மானுவேல் நோட்டோடு வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி அவள் தோளைப் பார்த்தார். “ஏலுமா தாயி? பதினோரு நாளு சேர்ந்தாப்ல?”

“அவ நின்னாள்ல அண்ணே.”

“யாரு பேருக்கு எழுத?”

“வெள்ளத்தாய் பேருக்கு.”

அவர் டிக் போட்டார். மாஜிதா வெள்ளத்தாயின் இடத்துக்குப் போய், இடது கையால் துணியின் நுனியை உருளையில் மாட்டி, வலது கையால் இழுத்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. இது ஒன்று. வெள்ளத்தாய்க்கு அவள் தர வேண்டியது இன்னும் பத்து ஷிப்டு.